வெந்தயம் ஊறவைத்த வீடு

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மற்றவர்கள் கேட்கிற எதையும் என் நாத்தனார் பாக்கியவதி கேட்கவில்லை. சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. என்ன போடுவீர்கள் என்று கேட்கவில்லை. காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு என் அப்பாவைப் பார்த்து, "உங்க வீட்ல யாரு யாரு இன்னா வந்து செத்தாங்க?" என்றார்.

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் வாயைத் திறந்ததும் சாவா! "எங்க வீட்ல எல்லாரும் வயசாகித்தாம்மா செத்தாங்க. உங்க வீட்ல எப்படி?" என்று வெடுக்கென்று திருப்பிக் கேட்டார். நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்; அண்ணி கொஞ்சமும் அசரவில்லை. "எங்க வீட்டைக் குழி தின்னுடுச்சுங்க," என்று சொல்லிவிட்டு மீதிக் காப்பியைக் குடித்தார்.

தங்கவயலில் பாலகாட்டுப் பக்கம் பிறந்த நான், கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளான கோரமண்டல் லைனில் இருந்த அந்த வீட்டுக்கு 1961இல் மருமகளாகப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அண்ணி வேண்டுமென்றே யாரையும் நோகடிக்கிறவர் இல்லை என்று. தெரிந்துகொள்ளாமல் இருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாங்கள் எல்லாரும் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுவோம். அண்ணி குழாய் போகிற வழியே நடந்துபோய் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். கடைசி வீட்டுக் கன்னடக்காரி கங்கம்மா அவருக்கு 'யாக்கெ பாக்கியம்' என்று பெயரே வைத்துவிட்டாள். கன்னடத்தில் யாக்கெ என்றால் ஏன். அந்தப் பெயர் அண்ணிக்கும் பிடித்திருந்தது.

அண்ணி 'குழி' என்று சொன்னது கம்பெனியின் தங்கச் சுரங்கத்தை. அதன்மேல் அவருக்கு இருந்த கோபத்துக்குக் காரணம் இருந்தது. என் மாமனார் காத்தவராயன் ஆழத்து லெவலில் மெஷின் போட்டுப் பாறை துளைக்கிற வேலையில் இருந்தவர். நாற்பதைத் தாண்டியதும் தாண்டாததுமாக, மலத்தோடு ரத்தம் போய்ப் போய், உடம்பு வற்றி இறந்துபோனார். அப்பன் போனால் மகனுக்கு வேலை கிடைப்பது எங்கள் ஊர் வழக்கம். அப்படி மூத்த மகன் முனிரத்தினம் அதே ஷாஃப்டில் இறங்கினார். நடுவில் அண்ணியின் புருஷனைப் பாறை வெடிப்பு ஒன்று கொண்டுபோனது. பிள்ளை இல்லாத அண்ணி, நஷ்ட ஈட்டில் வாங்கிய தையல் மெஷினோடு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பிறகு 1959இல் முனிரத்தினம். முப்பது வயது நிறையவில்லை, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் அப்பாவுக்கு வந்த அதே ரத்தம், அதே வயிற்றுவலி.

ஒரே வேலை, ஒரே குழி, ஒரே சாவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கீழே போகப் போகப் பாறை கொதிக்கும். ஆட்களை மேலே கொண்டுவரும் கேஜ் கதவைத் திறந்தால், வெளியே வருகிறவர்கள் மேலிருந்து ஆவி பறக்கும். அந்தச் சூடு உடம்பில் தங்கி மூல நோயாக இறங்குகிறது என்று லைன் முழுக்க நம்பினோம். சூட்டு மூலத்துக்கு மருந்தும் எல்லாருக்கும் தெரியும். மோர், கருணைக்கிழங்கு, துத்தியிலை, எல்லாவற்றுக்கும் மேலே ராத்திரி ஊறவைத்துக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்குகிற வெந்தயம். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடி இருந்தது. மாமனாரும் மூத்தவரும் சாகிற வரைக்கும் அதிலிருந்து விழுங்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, வேலையும் கம்பெனியுடையது. ஏதாவது எழுதி 'அன்ஃபிட்' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சோறு யார் போடுவார்கள்? நிற்க முடிகிற வரைக்கும் ஆண்பிள்ளைகள் வியாதியை வேட்டிக்குள் மறைத்தார்கள்.

மூத்தவர் போனதும் அடுத்த வாரிசு கடைசித் தம்பி. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள், எழுதலாம் என்று நினைக்கிறேன். தங்கவேலு. அவருக்கு அப்பாவின் மெஷினைப் பிடிக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. அண்ணி குறுக்கே படுத்துவிட்டார். "இவனையும் குழிக்குக் குடுக்கமாட்டேன். மேல வேலை குடுங்க," என்று ஆபீஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்தார். போகிற வருகிற துரைகளையும் குமாஸ்தாக்களையும் நிறுத்தி ஏன், ஏன் என்று கேட்டார். தொல்லை விட்டால் போதும் என்று கடைசியில் டிம்பர் யார்டில் ஒரு வேலை கொடுத்தார்கள். கீழே முட்டுக்கொடுக்க அனுப்பும் மரங்களை அறுத்து அடுக்குகிற வேலை. சம்பளம் குறைவு. சேக்காளிகள், "இன்னாடா, மரத்தோட மாலை மாத்திக்கினியா?" என்று கிண்டல் பண்ணினார்கள். என்றாலும் லைனில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், பாக்கியம் தன் தம்பியைப் பிழைக்கவைத்துவிட்டாள் என்று. அந்தப் பெருமை அண்ணி நடக்கிற நடையில் தெரியும்.

நான் போன புதிதில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. மேலே வேலை செய்கிறவர் தினமும் காலையில் அந்தப் பீங்கான் ஜாடியைத் திறந்து வெந்தயம் விழுங்கினார். "உங்களுக்கு இன்னா சூடு? மர நிழல்லதானே வேலை?" என்று கேட்டேன். "சின்ன வயசுப் பழக்கம்," என்றார். சரி, பழக்கம்தானே, ஒருத்தருக்கு வெற்றிலை, இவருக்கு வெந்தயம் என்று விட்டுவிட்டேன். எங்களுக்குக் கண்மணி பிறந்தாள். வீட்டில் நாலு பேர், ஒரு தையல் மெஷின், ஒரு ஜாடி.

1966 கோடையில் அண்ணிக்கு ரத்தம் போனது.

முதலில் எனக்குக்கூடச் சொல்லவில்லை. மெஷின் ஸ்டூலில் நாள் முழுக்க உட்கார்ந்தால் சூடு பிடிக்காதா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு துத்தியிலையை அரைத்துக் குடித்தாராம். நாட்டு வைத்தியர் ஒருவர் லேகியம் கொடுத்தாராம். ஒரு நாள் ரவிக்கை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பார்வதி, நான் எப்பனா குழிக்குள்ள போயிருக்கறனா?"

"இதென்ன அண்ணி கேள்வி? பொம்பளையை யாரு உள்ள விடுவாங்க?"

"அப்ப அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்தது எனக்கு எப்படி வந்துது?"

அவர் முகத்தில் பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதைவிட அதிகமாக வேறொன்று இருந்தது. குழாய் அடைத்திருக்கிற இடத்தைத் தேடிப் போவாரே, அந்த முகம். "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றார். கண்மணியைக் கங்கம்மாவிடம் விட்டுவிட்டுப் போனோம்.

டாக்டர் எட்மண்ட் இளம் வயதுக்காரர், மெட்ராஸில் படித்தவர், எங்கள் பேச்சு நன்றாகத் தெரிந்தவர். விளக்கு வைத்த ஒரு குழாயால் உள்ளே பார்க்க வேண்டும் என்றார். எனக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது. அண்ணியோ, "அது எவ்ளோ தூரம் போவும்? உள்ள வெளிச்சம் எப்படி டாக்டர் வருது?" என்று கேட்டுக்கொண்டே திரைக்குப் பின்னால் போனார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்ல யாருக்காவது இப்படி இருந்திருக்கா?"

என் அப்பாவிடம் அண்ணி கேட்ட கேள்வி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அண்ணி அப்பாவையும் அண்ணனையும் பற்றிச் சொன்னார். "ஆனா அவங்க ரெண்டு பேரும் குழியில வேலை செஞ்சவங்க. நான் போனதே இல்லியே டாக்டர். அதான் கேக்க வந்தேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இது குழிச் சூட்டால வர்றது இல்லம்மா. மூலமும் இல்ல. பெருங்குடல்ல ராகியைக் கொட்டி வச்ச மாதிரி சின்னச் சின்னதா சதை முளைச்சிருக்கு, நூத்துக்கணக்கில. சில குடும்பத்தில இது ரத்தத்தோட வர்றது. அப்பாவுக்கு இருந்தா பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு வரும். பூவா தலையா மாதிரி. சின்ன வயசிலயே முளைக்கும், வலிக்காது, தெரியாது. வருஷம் போகப் போக அதில ஏதாவது ஒண்ணு புற்றுநோயா மாறிடும்."

"மாறுறதுக்கு முன்னால பாத்துட்டா?"

"பாத்துட்டா குடலையே எடுத்துடலாம். சிறுகுடலை இழுத்துக் கீழே சேர்த்துத் தைச்சுடுவாங்க. வேலூர்ல செய்யறாங்க. அப்புறம் மிச்சம் இருக்கிற துண்டை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டே இருக்கணும். ஆள் பிழைச்சுக்குவார்."

"தைச்சுடுவாங்களா?" என்றார் அண்ணி. தையல் என்றதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "அப்ப இது அளவுத்துணி மாதிரி. அளவுத்துணியில வெட்டு தப்பா இருந்தா அதை வச்சு வெட்டற ரவிக்கையிலயும் தப்பு வரும். வெயில்ல காயவெச்சதால வந்துதுன்னு சொன்னா எப்படி?"

டாக்டர் சிரித்தார், அப்படித்தான் என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கூடப் பிறந்தவங்க வேற யார் இருக்காங்க?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணி தம்பியின் வயதை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். முனிரத்தினம் செத்த வயதை என் வீட்டுக்காரர் அந்த வருஷம் தொட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். முடிவில், "நான் வரமாட்டேன்," என்றார்.

"ஏன்?"

"நீதானே சொன்னே? குழிக்குப் போவாதே, தப்பிச்சுக்குவேன்னு. ஆசைப்பட்ட வேலையை விட்டுட்டு ஏழு வருஷமா மரம் அடுக்கறேன். தப்பிச்சேனா இல்லியா? இப்ப வந்து உள்ள குழாய் விட்டுப் பாக்கணும்கறே. பாத்து எதையாவது எழுதி அன்ஃபிட்னு அனுப்பிட்டா? யார்டுல எவன் மூஞ்சில முழிப்பேன்?"

அக்காவும் தம்பியும் அப்படிக் கத்திக்கொண்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் சோற்றைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அண்ணி மெஷினில் உட்கார்ந்து, துணியே வைக்காமல் மிதித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் ஜாடியைத் திறந்தபோதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. வெந்தயம் விழுங்குவதைச் சின்ன வயதுப் பழக்கம் என்றாரே, சின்ன வயதில் இந்த ஜாடியை யார் அவருக்குக் கொடுத்திருப்பார்கள்? அது கீழே போகிற ஆண்களுக்கென்று வைத்த மருந்து. குழந்தைக்கு எதற்கு? அவர் வேலைக்குக் கிளம்பியதும் அண்ணியிடம் போய்க் கேட்டேன்.

அண்ணி என்னை வெறித்துப் பார்த்தார். "அவன் சின்னப் புள்ளையில வெந்தயத்தைக் கண்டா ஓடுவான். கசக்கும்னு தோசைகூடத் தின்னமாட்டான்," என்றார். "எப்பலேர்ந்து முழுங்கறான்?"

"நான் வந்த நாள்லேர்ந்து பாக்கறேன் அண்ணி."

ஐந்து வருஷம். என் பக்கத்தில் படுத்த மனிதர் ஐந்து வருஷமாக ரத்தத்தை மறைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஜாடியை உடைத்திருப்பேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் பொய் சொல்லலை பார்வதி. நான் காப்பாத்திட்டேன்னு ஊர் பூராவும் சொல்லிக்கினு திரிஞ்சனே. எனக்கு வந்துடுச்சு அக்கான்னு எப்படிச் சொல்லுவான்?" என்று சொன்னவர் அழுதார். அண்ணி அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் செய்ததைத்தான் கோரமண்டல் லைனில் இன்றைக்கும் பேசுகிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடம்கூட எடுக்காமல் குழாயடிக்குப் போனார். தண்ணீர் வருகிற நேரம், பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க," என்றார். "எனக்குப் பின்னால ரத்தம் போவுது. எங்க அப்பாவுக்கும் போச்சு, எங்க அண்ணனுக்கும் போச்சு, என் தம்பிக்கும் போவுது. குழியால வந்துதுன்னு நான் இத்தனை வருஷமா உங்ககிட்ட சொன்னது தப்பு. குழி என் புருஷனைத் தின்னுது, அது நிஜம். இது எங்க ரத்தத்திலயே இருந்துக்கினு வந்திருக்குது. வேலூருக்குப் போயி வெட்டிக்கப் போறோம். வேற யாருக்காவது இன்னா சந்தேகம்னாலும் இப்பவே கேளுங்க."

குடம் நிரம்பி வழிந்ததைக்கூட ஒருத்தியும் கவனிக்கவில்லை. எனக்கு மண் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கங்கம்மாதான் முதலில் பேசினாள். "யாக்கெ பாக்கியம், வலிக்குமா?" என்று கேட்டாள். "இன்னும் வெட்டலையே, வந்து சொல்றேன்," என்றார் அண்ணி.

எங்கள் ஊரில் ஷிஃப்ட் முடிகிற சைரன் ஊதுவதற்குள் சேதி யார்டுக்குப் போய்விடும். மத்தியானமே என் வீட்டுக்காரர் புயலாக வந்தார். "மானத்தை வாங்கிட்டியே அக்கா! மேஸ்திரியே கேக்கறாரு! இனிமே நான் எப்படி வெளிய தலை காட்டறது?"

அண்ணி மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. "அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. இனிமே மறைக்க இன்னாடா இருக்குது? மேஸ்திரி இன்னா கேட்டாரு?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "எப்ப போறேன்னு கேட்டாரு. அவரு மச்சானும் இப்படித்தான் போயிட்டானாம்," என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரை அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

டாக்டர் எட்மண்ட் அவரையும் பார்த்தார். அதே ராகி. வேலைக்கு ஆபத்தில்லை, தேறி வந்ததும் பாரம் தூக்காத வேலையாகக் கொடுக்கச் சொல்லி நானே எழுதித் தருகிறேன் என்றார். கோரமண்டல் ஸ்டேஷனில் மூன்று பேரும் கண்மணியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினோம். பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, காட்பாடியில் இறங்கினோம். பங்காருப்பேட்டையில் காத்திருந்தபோது என் வீட்டுக்காரர் திடீரென்று, "ஏங்க்கா, குழியால இல்லேன்னா, நான் கீழ வேலைக்குப் போயிருக்கலாமில்ல?" என்றார். அண்ணி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு வார இடைவெளியில் இரண்டு பேருக்கும் ஆபரேஷன் நடந்தது. என் வீட்டுக்காரருக்கு எடுத்த குடலில் எதுவும் மாறியிருக்கவில்லை. அண்ணிக்கு ஒன்று மாறியிருந்தது, பக்கத்திலிருந்த நெறிக்கட்டிக்கும் போயிருந்தது. டாக்டர்கள் அதைச் சொன்னபோது அண்ணி கேட்டது ஒரே கேள்விதான். "தம்பிக்கு எதுவும் மாறலையே? நல்லாப் பாத்தீங்களா?" நன்றாகப் பார்த்தோம் என்றார்கள். அவர் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு இந்தப் பெண்ணின்மேல் அதற்கு முன்பு அப்படி ஒரு பாசம் வந்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் அண்ணி ஜாடியை என்னிடம் நீட்டினார். "இதைத் தோசைக்குப் போட்டு அரைச்சுடு," என்றார். அன்றையிலிருந்து அதில் உப்பு இருக்கிறது.

அண்ணி ஐந்து வருஷம் இருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தம்பியைக் காதைப் பிடிக்காத குறையாக எட்மண்ட் டாக்டரிடம் இழுத்துப் போனார். லைனில் யாருக்கு ரத்தம் போனாலும், "வெந்தயம் அப்பாலே முழுங்கலாம், மொதல்ல போய்க் காட்டு. உங்க அப்பன் இன்னா வந்து செத்தான்?" என்று வாசலில் நின்று கேட்பார். திட்டு வாங்குவார். திரும்பவும் கேட்பார். 1971இல் நோய் ஈரலுக்குப் போய்விட்டது. கடைசி நாட்களில் கண்மணியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "இவளுக்குப் பூவா தலையான்னு தெரியாமப் போறேனே, அதான் பார்வதி ஒரே குறை. பதினாலு வயசுல பாக்கணும்னு டாக்டர் சொன்னாரு. மறந்துடாதே. கூச்சப்படாதே." மறக்கமாட்டேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

மறக்கவில்லை. போன வருஷம் கண்மணிக்குப் பதினாலு ஆனதும் கூட்டிப்போனோம். அத்தை மாதிரியே அவளும், "இது எவ்ளோ தூரம் போவும் டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டேதான் திரைக்குப் பின்னால் போனாள். நான் வெளியே உட்கார்ந்து தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். டாக்டர் எட்மண்ட் வெளியே வந்தார். இப்போது அவருக்குத் தலை நரைத்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். ராகி இருக்கிறது, சின்னதாக, கொஞ்சமாக.

இரண்டு வருஷம் கவனித்துக்கொண்டே இருந்து, படிப்பு முடிந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார். பயப்பட எதுவுமில்லை என்றும் சொன்னார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது அவளுடைய அப்பா முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. கண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, அத்தைக்கு எத்தனை வயசுல பாத்தாங்க?"

"முப்பத்தஞ்சு."

"அப்பாவுக்கு?"

"இருபத்தொன்பது."

"பெரியப்பாவுக்கும் தாத்தாவுக்கும்?"

"அவங்களைப் பாக்கவே இல்லடி."

அவள் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டாள். "அப்ப நம்ம வீட்லயே எல்லாரையும்விட சீக்கிரமாப் பாத்தது என்னைத்தான்," என்றாள். வகுப்பில் முதலாவதாக வந்த பெண் சொல்வதுபோல அத்தனை பெருமையாகச் சொன்னாள்.

முன்னால் போனவர் நின்றுவிட்டார். நான் நடுத்தெருவில், போகிற வருகிறவர்கள் பார்க்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இதைக் கேட்க அண்ணி இல்லையே என்றுதான் அழுதேன்.